நெஞ்சில் நிலைக்கும் திருவிழா



வாழ்நாளில் எத்தனையோ விழாக்களை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் சில, கண்ட மறுநாளே நினைவை விட்டு அகன்றுவிடுகின்றன. வேறு சில, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நேற்று நிகழ்ந்தவை போல் நெஞ்சில் நிற்கின்றன. பெரும்பொருள் செலவிட்டு எடுத்த விழா மறந்துபோவதும், எளிய சிற்றூர் விழா மறவாமல் நிற்பதும் உண்டு. இதற்குக் காரணம் யாது? ஒரு விழாவை நெஞ்சில் நிலைக்கச் செய்வது எது? இவ்வினாவிற்கு நம் முன்னோர் ஏட்டில் இலக்கணம் எழுதி வைக்கவில்லை. திருவிழாவையே இலக்கணமாக அமைத்து வைத்தார்கள். அவ்வமைப்பின் நுட்பத்தை இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை நூல்கள் காட்டும் விழா

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா 28 நாள்கள் நடைபெற்றது. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையாகிய விழாவறை காதை, அவ்விழாவை வள்ளுவன் முரசறைந்து ஊரார்க்கு அறிவிக்கும் செய்தியைக் கூறுகின்றது. அவ்வறிவிப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இன்ன நாளில் விழா, வந்து காணுங்கள் என்று சொல்லி அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. வீதிகளில் நிறைகுடம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், தெருக்களின் மணலைப் புதுப்பியுங்கள், பகைவரைக் கண்டால் பூசலிடாமல் விலகிச் செல்லுங்கள் என்று ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதைச் சொல்கின்றான். அவையோர் கூடி எடுத்த விழாவை ஊரின் விழாவாக ஆக்கியது அந்த முரசொலியே எனலாம். முடிவெடுத்தது அவை. மணல் சுமந்தவை ஊராரின் கைகள்.

அக்காப்பியமே பின்னொரு செய்தியையும் உரைக்கின்றது. நெடுமுடிக்கிள்ளி தன் மகனை இழந்த துயரில் இந்திர விழாவை மறந்தான்; அதன் விளைவாக அந்நகரைக் கடல் கொண்டது. இதனை வரலாறாகக் கொள்வதும் கொள்ளாததும் ஒருபுறம் இருக்கட்டும். விழாவை மறந்த ஊர் ஊராக நிலைபெறாது என்னும் கருத்து அக்கதையினுள் பொதிந்து கிடக்கின்றது என்பதை மறுக்க இயலாது.

திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தை அன்பர்கள் அறிவர். அரவு தீண்டி இறந்து, எலும்பும் சாம்பலுமாய்க் குடத்துள் இருந்த பெண்ணை நோக்கி, மயிலைப் பெருமானின் திருவிழாக்களைக் காணாமலே போய்விடுவாயோ என்று பிள்ளையார் வினவுகின்றார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றின் நடுவே விளக்கேற்றும் மகளிரும், அடியார்க்கு இடும் அமுதும், கடலாடும் மக்களும் வருகின்றனர். விழா என்றதும் பிள்ளையாரின் திருவுள்ளத்தில் எழுந்தவை கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகள் மட்டும் அல்ல. ஊரார் கைகள் செய்யும் பணிகளும் ஆகும். இறந்தோரையும் அழைத்து மீட்கத்தக்க அழைப்பாக அவர் கொண்டது அத்தகைய விழாவையே.

மதுரைச் சித்திரைப் பெருவிழா

இக்கருத்தை விளக்குவதற்கு மதுரைச் சித்திரைப் பெருவிழாவினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இன்று நாம் காணும் வடிவம் தானே உருவானது அன்று. ஆய்ந்து அமைத்த ஒன்று. மீனாட்சியம்மைக்கும் சுந்தரேசுவரர்க்கும் திருமண விழாவும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசித் திங்களில் நடைபெற்றன என்றும், 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் கூறுவர். சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளிலேயே ஓடுகின்றது. மாதம் மாறினும் வீதியின் பெயர் பழைய நினைவைக் காத்து நிற்கின்றது.

அவ்வாறே, அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வைகையாற்றங்கரைக்கு எழுந்தருளும் விழா, முன்பு சோழவந்தானை அடுத்த தேனூரில் நடந்ததென்றும், அதனை மதுரைக்குக் கொணர்ந்து இவ்விழாவோடு இணைத்தவரும் அம்மன்னரே என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. வண்டியூரை ஒட்டி வைகையில் அழகர் எழுந்தருளி மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகின்றது.

சைவ விழா ஒன்று, வைணவ விழா ஒன்று. நகரத்து விழா ஒன்று, மலையடிவாரத்துக் குடியானவர் விழா ஒன்று. இரண்டையும் ஒரே நிலவுக் காலத்தில் அடுத்தடுத்து வைத்தமையால் இருசாராரும் ஒரே ஆற்றங்கரையில் கூடினர். தங்கையின் திருமணத்திற்குப் புறப்பட்ட அண்ணன் காலந்தாழ்ந்து வந்து, திருமணம் முடிந்த செய்தி கேட்டுச் சினந்து ஆற்றோடு திரும்பினார் என்னும் கதையை மக்களே புனைந்து இரு விழாக்களையும் ஒரு குடும்பத்துச் செய்தியாக்கிக் கொண்டனர். திருக்கோயில் வரலாறு கூறும் காரணம் முனிவரின் சாபம் தீர்த்தலே. ஆயினும் இரண்டு வழக்குகளும் ஒன்றையொன்று விலக்காமல் வாழ்ந்து வருகின்றன. பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைக் களத்தில் ஆராய்ந்து எழுதிய நூல் 1989-இல் வெளிவந்தது. இவ்வழக்குகளின் பின்னே உள்ள மக்களைப் பற்றி அறிய விழைவோர் அதனைக் கற்றல் நன்று.

இனி, இப்பெருவிழாவில் விளங்கும் அமைப்பை ஐந்து உறுப்புகளாக வகுத்துக் காண்போம்.

முதலாவது: காத்திருப்பு

விழா, விழா நாளில் தொடங்குவதில்லை. முளைப்பாலிகையில் நவதானியம் இடுதல், காப்புக் கட்டுதல், கொடியேற்றுதல் ஆகியன யாவும் காத்திருப்பிற்கு இடப்படும் கால்கோள்களே. பாலிகையில் விதைத்த தானியம் நாள்தோறும் வளர்வதைப் போல நம் ஆவலும் வளர்கின்றது. காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைக் கடந்து செல்லாதிருத்தலும் நோன்பு காத்தலும் இதன் பொருட்டே. கையில் கட்டிய மஞ்சள் கயிறு, விழா வருகின்றது என்பதை உண்ணும்போதும் உறங்கும்போதும் உணர்த்திக்கொண்டே இருக்கும்.

காத்திருப்பின் அளவு நீள நீள நினைவின் ஆழமும் மிகுகின்றது. குடந்தை மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 2004-க்குப் பின் 2016-இல் வந்தது. காஞ்சியில் அத்திவரதர் திருக்குளத்திலிருந்து எழுந்தருளுவது 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1979-இல் தாயின் இடுப்பில் இருந்து கண்ட குழந்தை, 2019-இல் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிச் சென்று காட்டியிருக்கக்கூடும். ஒரு மனித ஆயுளில் இருமுறை காண்பதே அரிது என்னும் எண்ணமே அத்தரிசனத்தை நெஞ்சில் செதுக்கிவிடுகின்றது.

இரண்டாவது: படிப்படியான ஏற்றம்

மதுரையில் கொடியேற்றிய நாளன்றே திருமணம் நிகழ்வதில்லை. முதல் நாள் கற்பக விருட்சமும் சிங்கமும். இரண்டாம் நாள் பூதமும் அன்னமும். மூன்றாம் நாள் கயிலாய பருவதமும் காமதேனுவும் என வாகனங்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன. எட்டாம் நாள் அம்மைக்குப் பட்டாபிடேகம். செங்கோல் ஏந்தி அரசியாகின்றாள். ஒன்பதாம் நாள் எண்திசைத் தலைவரையும் வெல்லும் திக்குவிசயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். பதினோராம் நாள் தேரோட்டம்.

இவ்வரிசையில் ஒரு கதை இருக்கின்றது. முடிசூடி, வெற்றி கொண்டு, நாயகனைக் கண்டு, மணமகளாகி வீதி வரும் ஒரு பெண்ணின் வாழ்வு பன்னிரண்டு நாள்களில் நம் கண்முன் விரிகின்றது. ஒன்பது நாளும் வந்தவர்க்குப் பத்தாம் நாள் திருமணம் தம் வீட்டுத் திருமணம் ஆகிவிடுகின்றது. திடுமென அன்று மட்டும் வந்து நிற்பவர்க்கு அது கண்கவர் காட்சி, அவ்வளவே.

மூன்றாவது: ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு

ஐந்தனுள் தலையாயது இதுவே. கள்ளழகர் அழகர்கோயிலிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வழிநெடுக மண்டகப்படி தோறும் நின்று நின்று வருகின்றார். மண்டகப்படி என்பது இறைவன் எழுந்தருளும் மண்டபத்தில் அவ்வேளைக்குரிய வழிபாட்டையும் செலவையும் ஒருவர் ஏற்றுக்கொள்வது. செல்வர் கற்றூண் மண்டபம் கட்டினர். எளியோர் ஓலைப் பந்தல் இட்டனர். பெருமாள் இரண்டிலும் நின்றார். விரைந்து வரக்கூடிய வழியை நூற்றுக்கணக்கான நிறுத்தங்களால் வேண்டுமென்றே நீட்டியிருப்பது, ஒவ்வொரு தெருவும் தன் வாயிலில் விழா நடந்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே என்று அடியேன் கருதுகின்றேன்.

அடியார் சிலர் கையில் திரி ஏந்துகின்றனர். சிலர் தோற்பையில் நீர் நிறைத்துத் துருத்தியால் பெருமாள் மீது பீய்ச்சுகின்றனர். சித்திரை வெயிலில் வழிநடந்து வந்தவரைக் குளிர்விக்க வேண்டும் என்னும் பரிவு அது. மகளிர் செம்பில் நாட்டுச் சர்க்கரை நிறைத்து, வாழையிலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றி எதிர்கொள்கின்றனர். திருக்கல்யாணத்தன்று அம்மைக்கு மங்கலநாண் பூட்டும் அதே வேளையில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிச் சரடை மாற்றிக்கொள்கின்றனர். திருமண விருந்தை உண்டவர் மறவாமல் மொய் எழுதுகின்றனர். மணமகள் உலகை ஆளும் அன்னை. எனினும் விருந்துண்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது முறையன்று என்பது மதுரையாரின் எண்ணம்.

பங்கு பெறுவோர் மக்கள் மட்டும் அல்லர். தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகின்றார். பெற்றோரின் திருமணம் காணத் திருப்பரங்குன்றத்து முருகப்பெருமான் வருகின்றார். மலையை விட்டுப் புறப்படும் அழகர் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெறுகின்றார். அவர் சூடிக்கொள்ளும் மாலை, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்தது. வைகையில் அவரை எதிர்கொண்டு வரவேற்பவர் வெள்ளிக்குதிரையில் வரும் வீரராகவப் பெருமாள். தெய்வங்களுக்கும் பணி பகுத்துக் கொடுத்த அமைப்பு இது!

நான்காவது: ஒரு நொடி

இத்தனையும் ஓர் உச்சத்தை நோக்கியே செல்கின்றன. சித்திரை முழுநிலவு நாளின் விடியற்காலை. தங்கக் குதிரை ஆற்றில் இறங்கும் அந்த ஒரு நொடி. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருவார் என்பது அதுவரை அறியப்படாதது. பச்சை எனில் நாடு செழிக்கும் என்று மகிழ்வர். ஒன்றை மறைத்து வைத்து, உரிய நேரத்தில் வெளிப்படுத்துதல் விழாக் கலையின் நுட்பங்களுள் ஒன்று. எல்லாவற்றையும் முன்னரே காட்டிவிட்டால் உச்சம் என்று ஒன்று இல்லாமற் போகும்.

ஐந்தாவது: விடைபெறுதல்

தொடக்கத்தை அமைப்போர் பலர். முடிவை அமைப்போர் சிலரே. நம் முன்னோர் முடிவிலும் கருத்தாக இருந்தனர். வண்டியூர், தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் தசாவதாரக் காட்சி, பின்னர்ப் பூப்பல்லக்கு என விடைபெறுதலும் நாள் கணக்கில் நிகழ்கின்றது. வந்த வழியே அழகர் மலைக்குத் திரும்புகையில், வரவேற்ற அதே தெருக்கள் வழியனுப்பி வைக்கின்றன. திருக்கோயில்களில் கொடியிறக்கத்திற்குப் பின் விடையாற்றி என்றொரு விழா உண்டு. உலா வந்த இறைவன் இளைப்பாறுவதாக அதற்குப் பொருள் சொல்வர். இளைப்பாறுதல் உண்மையில் நமக்குத்தான். நிறைந்த உள்ளம் மெல்லத் தணிந்து, கண்டதை அசைபோட்டு நினைவில் ஏற்றிக்கொள்ள அந்நாள்கள் இடம் தருகின்றன.

பாட்டியின் செம்பு

அடியேனுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். பாட்டி எங்களை மாட்டுவண்டியில் அழைத்துச் சென்று மதுரையில் வைகையின் வடகரையில் இரவு தங்கினாள். விடியற்காலையில் சர்க்கரைச் செம்பை என் கையில் கொடுத்து, “கீழே வைக்காதே ஐயா, சாமி வருகிற வரைக்கும் நீதான் வைத்திருக்க வேண்டும்” என்றாள். கூட்டத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. முன்னே நின்றவர்களின் முதுகுகள்தாம் தெரிந்தன. அவ்வாண்டு அழகர் உடுத்திய பட்டின் நிறம் யாதென்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சூடத்தின் வெம்மை செம்பின் வழியே உள்ளங்கையில் ஏறியது நினைவிருக்கின்றது. கை நடுங்கியபோது பாட்டி தன் கைகளை என் கைகளின் கீழே கொடுத்துத் தாங்கியதும் நினைவிருக்கின்றது. கண்ணால் கண்டவை மறைந்தன. கையால் செய்தது மறையவில்லை.

இதனை நன்கு அறிந்திருந்தும் அடியேன் ஒரு பிழை செய்தேன். அதனை இங்கே மறைப்பது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் அம்மன் கோயில் விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தனர். அவ்வாண்டு நன்கொடை மிகுதியாக வந்தது. எவர்க்கும் சிரமம் வேண்டாம் என்று எண்ணி, பந்தல், அலங்காரம், சமையல், மின்விளக்குத் தோரணம் அனைத்தையும் வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்க நானும் இசைந்தேன். விழா எவ்விதக் குறைவும் இன்றி நடந்தது. எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை, ஆண்டுதோறும் தென்னங்குருத்தோலையில் தோரணம் முடையும் பெரியவர் கோயில் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். நெகிழியில் செய்த தோரணங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “ஐயா, இந்த வருசம் ஆத்தாவுக்கு நான் வேண்டாமுங்களா?” என்று கேட்டார். கூலி பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை கூற முடிந்திருக்கும். எழுபது ஆண்டுகள் தமிழ் படித்தவனுக்கு அவ்வேளையில் ஒரு சொல்லும் வாய்க்கவில்லை.

விழா முடிந்து ஒரு திங்கள் கழித்து, திருவிழாவில் உனக்குப் பிடித்தது எது என்று தெருவில் ஒரு சிறுவனைக் கேட்டேன். “எல்லாமே நன்றாக இருந்தது தாத்தா” என்றான். எது என்று மீண்டும் கேட்டேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான். அவனால் ஒன்றையும் சொல்ல இயலவில்லை. அவன் மேல் குற்றம் இல்லை. அவன் கையில் நாங்கள் எதையும் கொடுத்திருக்கவில்லை.

மறு ஆண்டு பழைய முறைக்கே திரும்பினோம். பெரியவருக்கு அதற்குள் மரமேறவும் ஓலை வெட்டவும் வலுவில்லை. கோயில் திண்ணையில் அமர்ந்து தெருப் பிள்ளைகளுக்கு முடையக் கற்றுக்கொடுத்தார். தோரணங்கள் கோணல்மாணலாகத்தான் அமைந்தன. அம்மன் அவற்றின் கீழேதான் புறப்பட்டாள். அச்சிறுவன் தான் முடைந்த தோரணம் எதுவென்று வருவோர்க்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றான்.

கூட்டம் இல்லாத விழா உணர்த்தியது

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் மதுரைத் திருக்கல்யாணம் மே 4 அன்று சிவாசாரியார் சிலர் மட்டுமே இருக்க, அன்பர்கள் இன்றி நடைபெற்றது. இணைய வழியில் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அழகர் வைகைக்கு எழுந்தருளவில்லை. ஆனால் அந்தத் திருக்கல்யாண வேளையில் பல இல்லங்களில் பெண்கள் பூசையறையில் விளக்கேற்றி, திரையைப் பார்த்தவாறே தாலிச் சரடு மாற்றிக்கொண்டனர். அவ்வாண்டு விழா எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டால், வீட்டில் எந்த இடத்தில் அமர்ந்து மாற்றினோம், அருகில் யார் இருந்தனர் என்பது வரை சொல்கின்றனர். வீதி வெறிச்சோடிக் கிடந்தபோதும் பங்கு அவர்கள் கையில் இருந்தது. ஆகவே விழாவும் இருந்தது.

நினைவு துயரமாகாமல் காத்தல்

மறவாத நாள் என்பது எப்பொழுதும் மகிழ்ச்சிக்குரியதாக இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் வைகைக்கரை நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். அதே திங்கள் 27-ஆம் நாள், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் பெருமான் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். அக்குடும்பங்களுக்கும் அவை மறவாத விழாக்களே.

ஆதலின் விழா எடுப்போர்க்கு முதற் கடமை, வந்தவர் அனைவரும் வீடு திரும்புதல். தேரின் உயரத்தை வீதியின் கம்பிகளோடு ஒப்பிட்டு முன்னரே அளத்தல், தேர் செல்லும் பொழுது மின்னோட்டத்தை நிறுத்தி வைத்தல், வருவோர்க்கும் போவோர்க்கும் தனித்தனி வழி அமைத்தல், முதியோரும் குழந்தைகளும் நிற்க இடம் ஒதுக்குதல் ஆகியவை அலங்காரத்திற்கு முன் கருத வேண்டியவை. எல்லோரும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் நின்றால்தான் அருள் கிட்டும் என்பதில்லை. முன்னோர் வழிநெடுக மண்டகப்படிகளை அமைத்ததன் பயனை இங்கும் எண்ணிப் பார்க்கலாம். எல்லா வாயிலுக்கும் இறைவன் வருகின்றான். ஆற்றில் காண இயலாதவர் தெருவில் காணலாம்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இங்கே கூறியவை பெருந்திருவிழாவிற்கு மட்டும் உரியவை அல்ல. இல்லத்துத் திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு, பள்ளி ஆண்டு விழா, ஊர்ப் பொங்கல் ஆகிய எதனை எடுப்பினும் இவ்வைந்தும் பொருந்தும். சிறிது காத்திருக்கச் செய்யுங்கள். படிப்படியாக உயர்த்துங்கள். ஒன்றை மறைத்து வைத்து உரிய நேரத்தில் காட்டுங்கள். வந்தவரை வாயில் வரை சென்று வழியனுப்புங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பணியைக் கொடுங்கள். சந்தனக் கிண்ணம் ஏந்தும் பணியைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். பூத்தொடுக்கும் பணியைத் தனித்திருக்கும் அத்தைக்குக் கொடுக்கலாம். பந்தியில் தண்ணீர் ஊற்றும் பணியை ஊருக்குப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கலாம். பணம் கொடுத்தால் இவை யாவும் ஆள் வைத்துச் செய்விக்கக்கூடியவைதாம். அவ்வாறு செய்வித்தால் வேலை முடியும், விழா நடவாது.

திருவிழாவிற்கு வருவோரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கைப்பேசியை உயர்த்திப் பிடித்த கையால் கும்பிட இயலாது. ஒரு படம் எடுத்தல் தவறன்று. எடுத்த பின் அதனை மடியில் வைத்துவிட்டு, வடத்தைத் தொடுங்கள். வடத்தின் கடைசி முடிச்சைத் தொட்டவனையும் தேர் இழுத்தவன் என்றே ஊர் சொல்லும். நீர்மோர்ப் பந்தலில் ஒரு நாழிகை நின்று மோர் வார்த்துக் கொடுங்கள். உடன் வந்த குழந்தையின் கையில் ஒரு விளக்கையோ ஒரு பிடி பூவையோ கொடுத்து, அது சந்நிதியைச் சேரும்வரை நீங்கள் அருகில் இருங்கள்.

அக்குழந்தைக்குப் பின்னாளில் எந்த வாகனத்தில் சுவாமி வந்தார் என்பது நினைவில் இல்லாமற் போகலாம். நடுங்கிய கையைக் கீழிருந்து தாங்கிய கை யாருடையது என்பது மறவாது. திருவருள் பெரும்பாலும் அவ்வாறே நம்மை வந்தடைகின்றது.

எல்லோரும் நலமுற்று, ஆண்டுதோறும் திருவிழாக் கண்டு, பங்கேற்று, இல்லம் திரும்பி இன்புற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.